சில்லிசை மறுவாக்கம்

சில்லிசை மறுவாக்கம் என்பது, பலரும் அறிந்த ஒரு பாடலைப் பழைய கணினிகளிலும் நிகழ்பட ஆட்டக் கருவிகளிலும் இருந்த ஒலிச் சில்லுகளைக் கொண்டோ, அச்சில்லுகளின் வரம்புகளை அப்படியே பின்பற்றும் மென்பொருள்களைக் கொண்டோ மீண்டும் அமைப்பதாகும். சில்லு எழுப்பும் இசை என்பதால் சில்லிசை எனப்படுகிறது. ஆர்வலர்களிடையே சிப்டியூன் என்ற பெயரே பெருவழக்கு. 8-பிட் இசை என்றும் கூறுவர். இப்பெயர் சற்றுப் பொருந்தாத ஒன்று. எட்டு பிட் என்பது அக்கருவிகளின் மையச் செயலி ஒரு தடவையில் கையாளும் தரவின் அளவே தவிர, ஒலியின் தன்மையைக் குறிப்பதன்று.

மறுவாக்கத்தை மறுகலவையுடன், அதாவது ரீமிக்ஸுடன், குழப்பிக் கொள்ளலாகாது. மறுகலவையில் மூல ஒலிப்பதிவின் பகுதிகள் இடம்பெறும். மறுவாக்கத்தில் மூலப் பதிவின் ஒரு நொடி கூட இடம்பெறுவதில்லை. மெட்டு, தாளம், சுரங்களின் இயைபு ஆகியவை மட்டும் எடுத்துக் கொள்ளப்படுகின்றன. பாடகரின் குரல், பாட்டின் சொற்கள், கருவிகளின் தனி நிறம் ஆகிய மூன்றும் விடப்படுகின்றன. எஞ்சுவதை மூன்று முதல் ஐந்து ஒலித்தடங்களுக்குள் அடக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்ற தேர்வே இக்கலையின் பெரும்பகுதி எனலாம்.

தொடக்கம்

கணினி எழுப்பிய இசையின் ஒலிப்பதிவுகளுள், அறியப்பட்டவற்றில் மிகப் பழையதே மறுவாக்கம்தான். 1951 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த பெராண்டி மார்க் 1 கணினி மூன்று மெட்டுகளை இசைத்ததை பிபிசி பதிவு செய்தது. பிரித்தானிய நாட்டுப்பண், "பா பா பிளாக் ஷீப்" என்ற குழந்தைப் பாடல், கிளென் மில்லர் இசைக்குழுவால் புகழ்பெற்ற "இன் த மூட்" ஆகியனவே அவை. அக்கணினியில் ஒலிபெருக்கி வைக்கப்பட்டது இசைக்காக அன்று. நிரல் எந்த நிலையில் உள்ளது என்பதை இயக்குநருக்கு ஒலியால் அறிவிக்கவே. ஒரு கட்டளை ஒரு சொடுக்கொலியை எழுப்பும். அக்கட்டளையை விரைவாகத் திரும்பத் திரும்ப இயக்கினால் சொடுக்குகள் சேர்ந்து ஒரு சுரமாகக் கேட்கும். இதனை அறிந்து நாட்டுப்பண்ணை நிரலாக எழுதியவர் அப்போது பள்ளி ஆசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி ஆவார். "இன் த மூட்" இசைக்கப்படும்போது கணினி நடுவில் நின்றுவிடுவதும், அருகிலிருந்தோர் சிரிப்பதும் அப்பதிவில் கேட்கின்றன.

இப்பதிவை 2016 ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் கோப்லாண்டும் இசையமைப்பாளர் ஜேசன் லாங்கும் சீரமைத்தனர். தட்டில் இருந்த சுரங்களுள் சில அக்கணினியால் எழுப்பவே முடியாதவை என்று அவர்கள் கண்டனர். கணினி இசைக்கக்கூடிய அதிர்வெண்கள் அதன் கட்டளைகளின் கால அளவால் வரையறுக்கப்பட்டவை. இடைப்பட்ட அதிர்வெண் எதுவும் அதிலிருந்து வர முடியாது. எனவே தட்டு தவறான வேகத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, சுரங்கள் கணினியின் வரம்புக்குள் பொருந்தும் வேகத்தைக் கண்டறிந்து திருத்தினர். கருவியின் குறைபாடே அதன் உண்மை ஒலியை மீட்கும் அளவுகோலாக அமைந்தது.

1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினி "டெய்சி பெல்" என்ற பழைய பாடலைப் பாடியது. 1975 ஆம் ஆண்டில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணினியை வைத்திருந்த ஸ்டீவ் டாம்பியர், அது இயங்கும்போது அருகிலிருந்த வானொலிப் பெட்டியில் இரைச்சல் எழுவதைக் கவனித்தார். இரைச்சலின் சுருதியை நிரலால் கட்டுப்படுத்தி, கலிபோர்னியாவின் ஹோம்புரூ கணினிக் கழகக் கூட்டத்தில் பீட்டில்ஸ் குழுவின் "த ஃபூல் ஆன் த ஹில்" பாடலை வானொலி வழியாக ஒலிக்கச் செய்தார். அக்கணினியில் ஒலிச் சில்லு எதுவும் இல்லை.

இவர்கள் எல்லோரும் புதிய மெட்டுகளை விட்டு, தெரிந்த பாடல்களையே நாடியதற்குக் காரணம் உண்டு. ஒலி கரடுமுரடாக இருக்கும்போது, விடுபட்டதைக் கேட்பவரின் நினைவு நிரப்பிக் கொள்கிறது. அறியாத மெட்டு ஒன்றை அக்கருவிகள் எழுப்பியிருந்தால், இது இசையா அல்லது கருவியின் பழுதா என்றே கேட்டவர் ஐயுற்றிருப்பர்.

ஒலிச் சில்லுகள்

மறுவாக்கத்திற்கு மிகுதியாகப் பயன்படும் சில்லு, நின்டென்டோ நிறுவனத்தின் பேமிகாம் கருவியில் இருந்த ரிக்கோ 2ஏ03 ஆகும். பேமிகாம் 1983 இல் சப்பானில் வெளிவந்தது. 1985 முதல் வட அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. இந்தியாவில் 1990களில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் "வீடியோ கேம்" என்று விற்பனையான பெட்டிகளுள் பெரும்பாலானவை இதன் போலிப் படிகளே. ஆகவே மரியோ ஆட்டத்தின் ஒலி தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறைக்குப் பழக்கமானது.

இச்சில்லில் ஐந்து தடங்கள் உள்ளன. முதல் இரண்டும் துடிப்பலைத் தடங்கள். துடிப்பலை மேல்நிலை, கீழ்நிலை என்ற இரண்டு நிலைகளை மட்டும் உடையது. ஒரு சுழற்சியில் எவ்வளவு நேரம் மேல்நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒலியின் நிறம் மாறும். 12.5, 25, 50, 75 விழுக்காடு என நான்கு தெரிவுகள் உண்டு. 12.5 மெல்லியதாகவும் மூக்கொலி போலவும் இருக்கும். 50 உட்குழிந்த, குழல் போன்ற ஒலி. 75 காதுக்கு 25 போலவே கேட்பதால் உண்மையில் தெரிவுகள் மூன்றே. ஒலியளவுக்கு 16 படிகள் உண்டு.

மூன்றாவது முக்கோண அலைத் தடம். இதற்கு ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது. ஒலிக்கும், அல்லது ஒலிக்காது. மெல்ல மங்கச் செய்ய இயலாது. நான்காவது இரைச்சல் தடம். ஐந்தாவது தடம் பதிவு செய்யப்பட்ட ஒலித்துணுக்குகளை மிகச் சுருக்கிய வடிவில் இயக்கும். அதிகத் தரத்தில் ஒரு துணுக்கின் நீளம் ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவு. ஆட்டத்தின் நிரல், படங்கள், இசை எல்லாம் சேர்ந்து சூப்பர் மரியோ பிரதர்ஸ் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருந்த காலம் அது என்பதை நினைத்தால், இத்தடம் குறைவாகவே பயன்பட்டது ஏன் என்பது விளங்கும்.

1982 இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியின் சிட் 6581 சில்லு வேறு வகையானது. பாப் யானஸ் வடிவமைத்த இச்சில்லில் மூன்று தடங்களே உள்ளன. ஆனால் ஒவ்வொரு தடமும் முக்கோண அலை, இரம்பப்பல் அலை, துடிப்பலை, இரைச்சல் ஆகிய நான்கில் எதையும் எழுப்பும். துடிப்பலையின் அகலத்தைத் தொடர்ச்சியாக மாற்றலாம். ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டி மூலம் நீக்கலாம். யானஸ் இதனை ஓர் இசைக்கருவியாகவே கருதி வடிவமைத்தார். 1989 இல் வந்த கேம் பாய் கருவியில் நான்கு தடங்கள். அவற்றுள் ஒன்றின் அலை வடிவத்தை 32 புள்ளிகளால் பயனரே வரையலாம். ஒரே பாடல் இம்மூன்றிலும் மூன்று விதமாக அமையும்.

மறுவாக்கும் முறை

பின்வரும் விளக்கம் 2ஏ03 சில்லை அடிப்படையாகக் கொண்டது. வழக்கமான பகிர்வு இவ்வாறு அமையும்: மெட்டு முதல் துடிப்பலையில், துணைச் சுரங்கள் இரண்டாவது துடிப்பலையில், அடித்தளச் சுரம் (பேஸ்) முக்கோண அலையில், தாளம் இரைச்சலில். எந்தப் பாடலையும் இவ்வாறு பிரித்துவிடலாம். பிரித்ததும் பாடல் வந்துவிடுகிறதா என்றால், பெரும்பாலும் வருவதில்லை.

முதற் சிக்கல் சுரக்கூட்டு. கிட்டாரோ பியானோவோ ஒரே நேரத்தில் மூன்று, நான்கு சுரங்களை ஒலிக்கும். கிட்டார் கற்போர் இதனைக் கார்டு என்பர். ஒரு துடிப்பலைத் தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். இதற்குத் தீர்வாக மூன்று சுரங்களையும் மிக வேகமாக மாற்றி மாற்றி ஒலிப்பர். பேமிகாமின் நிரல் தொலைக்காட்சியின் படச்சட்ட வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 60 முறை, சில்லுக்குப் புதிய எண்களைத் தருகிறது. ஒரு சட்டத்துக்கு ஒரு சுரம் என வைத்தால் மூன்று சுரங்களும் நொடிக்கு 20 முறை சுழலும். காது அவற்றைத் தனித்தனியாகவும் கேட்காமல், முழுமையாகக் கலக்கவும் விடாமல், நடுங்கும் ஒரு கூட்டொலியாக உணர்கிறது. சில்லிசை என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் அந்தக் குமிழி போன்ற ஒலி இதுவே. தடப் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு, பின்னர் தடங்கள் பெருகிய பிறகும் விரும்பிச் செய்யப்படும் அணியாகிவிட்டது.

இரண்டாவது துடிப்பலைக்கு வேறு பயன்களும் உண்டு. முதல் தடம் இசைக்கும் மெட்டையே சில சட்டங்கள் தாமதித்து, ஒலியளவைக் குறைத்து இசைத்தால் பெரிய அறையில் பாடுவது போன்ற எதிரொலி கிடைக்கும். ஆனால் அப்போது சுரக்கூட்டுக்கு இடமில்லை. பாடலின் உயிர் அதன் மெட்டில் உள்ளதா, அடியில் மாறிச்செல்லும் சுரக்கூட்டுகளில் உள்ளதா என்று மறுவாக்குபவர் முடிவு செய்தே ஆக வேண்டிய இடம் இது.

முக்கோண அலை இரட்டை வேலை செய்வதுண்டு. அதன் சுருதியை இரண்டு மூன்று சட்டங்களுக்குள் மேலிருந்து கீழே விழச் செய்தால் பெரிய டிரம்மின் அடி போலக் கேட்கும். அந்தக் கணத்தில் அடித்தளச் சுரம் அறுபடுகிறது. டிரம் அடி காதை ஈர்ப்பதால் அறுபட்டதைக் கேட்பவர் உணர்வதில்லை.

சொற்கள்

பாடலை மறுவாக்குவோர் எதிர்கொள்ளும் பெரிய இழப்பு சொற்கள். ஒரு பாட்டின் சரணங்கள் பெரும்பாலும் ஒரே மெட்டில் அமைந்தவை. சொற்கள் மாறுவதால் கேட்பவருக்கு அலுப்பதில்லை. சொற்களை நீக்கியதும் அது ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதாக மாறிவிடுகிறது. ஆகவே தேர்ந்தவர்கள் இரண்டாம் சரணத்தில் துடிப்பலையின் அகலத்தை மாற்றுவர். மெட்டை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுவர். அல்லது மூலத்தில் பின்னணியில் வயலின் வாசித்த துணை மெட்டை முன்னுக்குக் கொண்டுவருவர். பேச்சு நடையில், ஒரே சுரத்தில் வரிகளை அடுக்கும் ராப் பாடல்கள் மறுவாக்கத்துக்கு ஏறக்குறைய இடங்கொடாதவை. சொல்லின் அசையமைப்பை மட்டும் ஒரே சுரத்தில் தட்டினால் அது தந்திக் கருவியின் ஒலியாகவே கேட்கும்.

குரலின் தொடக்கத்தையும் சில்லில் செதுக்க வேண்டும். மனிதர் ஒரு சுரத்தைப் பாடத் தொடங்கும்போது முதலில் மெய்யெழுத்தின் தெறிப்பு, பின்னர் உயிரெழுத்தின் நீட்சி. சுரத்தின் முதல் ஓரிரு சட்டங்களை 12.5 விழுக்காட்டிலும் எஞ்சியதை 50 விழுக்காட்டிலும் ஒலித்தால் இதற்கு நெருங்கிய ஒரு சாயல் வருகிறது.

வேகம்

நொடிக்கு 60 சட்டங்கள் என்பது வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது. டிராக்கர் எனப்படும் இசை எழுதும் மென்பொருளில் பாடல் மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசைகளாக எழுதப்படுகிறது. வழக்கமாக ஒரு தாள அடிக்கு நான்கு வரிசைகள். ஒரு வரிசைக்கு 6 சட்டங்கள் என்றால் நிமிடத்துக்கு 150 அடிகள். 7 என்றால் 128.6, 8 என்றால் 112.5. இடைப்பட்ட வேகங்கள் நேரடியாகக் கிடையா. நடன இசையில் மிகப் பொதுவான 120 அடிகள் வேகத்துக்கு 7.5 சட்டங்கள் தேவை. அரைச் சட்டம் என்று ஒன்றில்லை. ஆகவே ஒரு வரிசைக்கு 7, அடுத்ததற்கு 8 என மாற்றி மாற்றி வைப்பர். சராசரி சரியாக 120 வரும். ஆனால் வரிசைகளிடையே நொடியில் அறுபதில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு இருக்கும். சில பாடல்களில் இது ஓர் இனிய ஆட்டத்தைத் தருகிறது. கடிகாரம் போன்ற துல்லியத்தையே அழகாகக் கொண்ட பாடல்களில் இது உறுத்தும்.

சுருதியும் குழைவும்

துடிப்பலையின் சுருதி 0 முதல் 2047 வரையான ஓர் எண்ணால் குறிக்கப்படுகிறது. சில்லின் கடிகார வேகம் நொடிக்கு 17,89,773 துடிப்புகள். அதனை, அந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டி 16 ஆல் பெருக்கிய தொகையால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு அருகில் வரும் எண் 253. அது தருவது 440.4 ஹெர்ட்ஸ். இவ்வேறுபாட்டைக் காது உணராது. மூன்று ஸ்தாயி மேலே 3520 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் அருகில் உள்ள எண் 31. அது தருவது ஏறத்தாழ 3496 ஹெர்ட்ஸ். அரைச்சுர இடைவெளியில் எட்டில் ஒரு பங்கு பிசகு. எனவே உச்ச ஸ்தாயியில் சில்லு எப்போதும் சற்றுச் சுருதி விலகியே பாடும்.

ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் பாடல்களில் இது மேலும் சிக்கலாகும். கமகம் மிகுந்த இந்திய மெட்டுகளை இவ்வாறு மறுவாக்க முனைவோர் முதலில் முட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. 440 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு படி என்பது அரைச்சுரத்தில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு. அசைவு வழவழப்பாகவே கேட்கும். 3520 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு படியே அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல். அங்கே வழுக்கல் என்பது படிக்கட்டில் இறங்குவதுதான்.

வேறொரு வினோதமும் உண்டு. இந்த எண் கீழ் 8 பிட்டுகள், மேல் 3 பிட்டுகள் என இரண்டு பதிவகங்களில் பிரித்து வைக்கப்படுகிறது. மேற்பகுதியில் எழுதும் ஒவ்வொரு முறையும் அலை முதலிலிருந்து தொடங்குகிறது. "டிக்" என்று ஒரு சொடுக்கு கேட்கிறது. 255 இலிருந்து 256 க்கு மாறும்போது மேற்பகுதி மாறியாக வேண்டும். அந்த எல்லை ஏறத்தாழ 437 ஹெர்ட்ஸில் விழுகிறது. பாடகர்கள் மிகுதியாகத் தங்கி அசைக்கும் 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு நேர் கீழே இப்படி ஒரு கல் கிடப்பது தற்செயலே. இதற்காகவே பாட்டின் சுருதியை அரைச்சுரம் ஏற்றியோ இறக்கியோ எழுதுவோர் உண்டு. சில்லில் உள்ள சறுக்கல் அலகை வேறு விதமாக இயக்கிச் சொடுக்கைத் தவிர்க்கும் நிரல் உத்தியும் பின்னாளில் கண்டறியப்பட்டது.

ஆட்டங்களில் மறுவாக்கம்

மிகப் பரவலாகக் கேட்கப்பட்ட மறுவாக்கம் கேம் பாயின் டெட்ரிஸ் ஆட்டத்தில் உள்ளது எனலாம். 1989 இல் வெளிவந்த அதன் "ஏ" இசை, நெக்ராசோவின் 1861 ஆம் ஆண்டுக் கவிதையை அடிப்படையாகக் கொண்ட "கரோபெய்னிகி" என்ற உருசிய நாட்டுப்பாடலாகும். அதே ஆட்டத்தின் "சி" இசை பாக் இயற்றிய பிரெஞ்சு சூட் ஒன்றின் பகுதி. கேம் பாய்க்காக இவற்றை அமைத்தவர் ஹிரோகாசு தனகா. இரண்டுமே உரிமக் கட்டணம் தேவைப்படாத பழைய மெட்டுகள். இன்று உருசியாவுக்கு வெளியே அந்நாட்டுப்பாடலைக் கேட்கும் பலர் அதனை டெட்ரிஸ் பாட்டு என்றே அறிவர்.

உரிமம் பெற்று அமைக்கப்பட்டவையும் உண்டு. 1984 ஆம் ஆண்டின் கோஸ்ட்பஸ்டர்ஸ் ஆட்டத்தில் ரே பார்க்கர் ஜூனியரின் திரைப்பாடல் கொமடோர் 64 இல் ஒலித்தது. 1990 இல் சேகா வெளியிட்ட மூன்வாக்கர் ஆட்டத்தில் மைக்கேல் ஜாக்சனின் "பில்லி ஜீன்", "ஸ்மூத் கிரிமினல்", "பீட் இட்" ஆகியவை இடம்பெற்றன. கொமடோர் 64 இசையமைப்பாளர்களுள் புகழ்பெற்ற ராப் ஹப்பர்டின் சோய்ட்ஸ் ஆட்ட இசை, லாரி ஃபாஸ்ட் அமைத்த மின்னணு இசை ஒன்றின் மறுவாக்கமாகும்.

கைண்ட் ஆஃப் புளூப்

ஆட்டங்களுக்கு வெளியே, மறுவாக்கத்தைத் தனிக் கலையாக எடுத்துக்கொண்ட தொகுப்புகள் 2000களில் வந்தன. கேம் பாயில் இசையமைக்க உதவும் நானோலூப் (1998), எல்எஸ்டிஜே (2000) ஆகிய மென்பொருள்களும், என்இஎஸ் சில்லுக்கான ஃபேமிடிராக்கரும் இதற்கு வழிவகுத்தன. கிராஃப்ட்வெர்க் குழுவின் பாடல்களை மறுவாக்கிய "8-பிட் ஆபரேட்டர்ஸ்" 2007 இல் வெளிவந்தது. வீசர் குழுவின் பாடல்களுக்கு 2009 இல் அத்தகைய தொகுப்பு ஒன்று வந்தது. எனினும் இவ்வகையில் நின்று பேசத்தக்கது அதே ஆண்டில் வந்த "கைண்ட் ஆஃப் புளூப்".

மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் புளூ" ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1959 இல். அதன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, ஐந்து பகுதிகளையும் ஐந்து சில்லிசைக் கலைஞர்களைக் கொண்டு மறுவாக்கும் திட்டத்தை அமெரிக்க நிரலாளர் ஆண்டி பையோ தொடங்கினார். கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கிய தொடக்க நாள்களிலேயே அதன் வழியாக 2,000 டாலர் இலக்கு வைத்து, 8,000 டாலருக்கும் மேல் திரட்டினார். பங்கேற்றோருள் வர்ட் என்ற புனைபெயருடைய ஜேக் காஃப்மன் பின்னாளில் ஷவல் நைட் (2014) ஆட்டத்துக்கும், டிசாஸ்டர்பீஸ் எனப்படும் ரிச் வ்ரீலண்ட் ஃபெஸ் (2012) ஆட்டத்துக்கும் இசையமைத்தனர்.

தேர்வு துணிச்சலானது. ஜாஸ் என்பது அந்தக் கணத்தில் வாசிப்பவரின் கற்பனை. மைல்ஸ் டேவிஸின் ஊதுகொம்பு அறியப்படுவது அதன் மூச்சாலும், சுரங்களிடையே விடப்படும் மௌனத்தாலும். சில்லுக்கு மூச்சு இல்லை. மூலத்தில் அக்கணத்தில் பிறந்த சுரங்களை, மறுவாக்குபவர் ஒவ்வொன்றாக வரிசைகளில் தட்டச்சு செய்தாக வேண்டும். முதல் பகுதியான "சோ வாட்" இல் அடித்தளக் கருவியே மெட்டை எழுப்ப, ஊதுகருவிகள் இரண்டு சுரக்கூட்டுகளால் மறுமொழி கூறும். வழக்கமான பகிர்வுப்படி மெட்டைத் துடிப்பலைக்குத் தந்துவிட்டால் இந்த உரையாடலே குலைந்துவிடும். சில்லிசை வேடிக்கைக்கு மட்டும் உரியது என்ற கருத்துடன் இத்தொகுப்பைக் கேட்போர் அதனை மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு.

ஐந்து மெட்டுகளுக்கும் பையோ முறைப்படி உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்தினார். சிக்கல் அட்டைப் படத்தில் வந்தது. மூலத் தட்டின் அட்டையில் இருந்தது ஜே மைசல் எடுத்த மைல்ஸ் டேவிஸின் ஒளிப்படம். இசைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அதனைப் பெரிய படப்புள்ளிகளால் மீள வரைவித்து அட்டையாக்கியிருந்தார். 2010 இல் மைசலின் வழக்கறிஞர்கள் உரிமை மீறல் என்று அறிவிப்பு அனுப்பினர். இது நியாயப் பயன்பாடே என்பது பையோவின் நிலைப்பாடு. ஆயினும் வழக்காடும் செலவு இழப்பீட்டை விட மிகும் என்பதால், தவறை ஒப்புக்கொள்ளாமலே 32,500 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டு, 2011 இல் அதுபற்றி எழுதினார். இசைத் திட்டத்துக்குத் திரண்ட தொகையைப் போல் இது ஏறத்தாழ நான்கு மடங்கு. மெட்டை நான்கு தடங்களாகக் குறைத்ததற்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. முகத்தைச் சில நூறு புள்ளிகளாகக் குறைத்ததற்கு அப்படி ஒரு வழி இல்லை.

எதிர்த்திசையில் ஒரு வழக்கு

பாடலிலிருந்து சில்லுக்குச் செல்வதன்றி, சில்லிலிருந்து பாடலுக்கு வந்த வழியும் நீதிமன்றம் கண்டது. பின்லாந்தின் யான்னே சூனி அமிகா கணினிக்கு இயற்றிய "ஆசிட்ஜாஸ்ட் ஈவனிங்" 2000 ஆம் ஆண்டின் அசெம்பிளி விழாவில் போட்டியொன்றை வென்றது. நார்வேயின் கிளென் ரூனே காலஃபோஸ் அதனைச் சிட் சில்லுக்கு மறுவாக்கினார். 2006 இல் வெளிவந்த நெல்லி ஃபர்ட்டாடோவின் "லூஸ்" தொகுப்பில், டிம்பாலண்ட் தயாரித்த "டூ இட்" பாடலில் இது எடுத்தாளப்பட்டிருப்பதாக 2007 இல் பெரும் சர்ச்சை எழுந்தது. உரிமையைப் பெற்ற நிறுவனம் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் தோற்றது. 2012 இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு உறுதியானது. உரிய பதிப்புரிமைப் பதிவு செய்யப்படவில்லை என்பதே காரணம். படியெடுக்கப்பட்டதா என்ற கேள்வியின் மீது அத்தீர்ப்பு அமையவில்லை.

பொய்ச்சில்லிசை

இணையத்தில் 8-பிட் என்ற பெயருடன் கிடைக்கும் மறுவாக்கங்களுள் பல, பாடலின் மிடி கோப்பை எடுத்து எல்லாக் கருவிகளையும் சதுர அலையாக மாற்றிவிட்டவை. பத்துப் பதினைந்து தடங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் அவற்றை எந்தப் பழைய கருவியிலும் இயக்க முடியாது. ஆர்வலர்கள் இதனை ஃபேக்பிட் என்பர். பழைய ஒலியைப் புதிய வசதிகளுடன் கலந்து நல்ல இசை தருவோரும் இப்பெயரால் குறிக்கப்படுவதால் இதனை வசைச்சொல்லாக மட்டும் கொள்ளலாகாது. குறை தடங்களின் எண்ணிக்கையில் இல்லை. எதையும் விட வேண்டிய தேவை எழாததால், எது முதன்மை என்ற தேர்வும் நிகழ்வதில்லை. மெட்டும் துணையும் ஒரே நிறத்தில் ஒன்றை ஒன்று மறைத்துக் கொள்கின்றன. கற்க விரும்புவோர் இவற்றைக் கேட்பதை விட, ஃபேமிடிராக்கர் கோப்பு ஒன்றைத் திறந்து ஒவ்வொரு தடமாக அணைத்துக் கேட்பது பயன் தரும்.

உரிமை

மெட்டுக்கும் அதன் ஒலிப்பதிவுக்கும் உரிமைகள் வெவ்வேறானவை. மறுவாக்கம் ஒலிப்பதிவைத் தொடுவதில்லை, மெட்டைத் தொடுகிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115 ஆம் பிரிவின்படி, ஒருமுறை முறையாக வெளியான பாடலை வேறொருவர் கட்டணம் செலுத்தித் தம் பாணியில் பதிவு செய்து வெளியிடலாம். இயற்றியவர் மறுக்க முடியாது. ஆனால் அடிப்படை மெட்டையோ பாடலின் அடிப்படை இயல்பையோ மாற்றலாகாது. நிகழ்படத்துடன் சேர்த்து வெளியிட இவ்வுரிமம் போதாது. தனி இசைவு வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு இதற்கு ஒத்தது. பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மறுபதிவு செய்யலாம். ஒலிப்பதிவுக்குத் தொழில்நுட்ப முறையில் தேவையான மாற்றங்கள், உரிமையாளர் இசைவுடன் முன்னரே செய்யப்பட்ட மாற்றங்கள் ஆகியவை தவிர வேறு மாற்றம் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமைத்தொகை செலுத்த வேண்டும். இசைத்தட்டு நிறுவனங்களைக் கருதி எழுதப்பட்ட இவ்விதி, ஒரு பாடலை மாலை நேரங்களில் அமர்ந்து நான்கு தடங்களில் எழுதி இலவசமாகப் பகிரும் மாணவருக்கு நடைமுறையில் எட்டாதது.